நிலம்பூர்ப் பாதையில் ஒரு மருத்துவ உண்டியல்

கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேற்கே பயணம் செய்யும் வாசகர்களுக்கு ஷொர்ணூர் சந்திப்பு புதிய இடமன்று. வடக்கே கோழிக்கோட்டுக்கும் தெற்கே எர்ணாகுளத்துக்கும் பாதை பிரிகின்ற பெரிய நிலையம் அது. அங்கே இறங்கித் தேநீர் அருந்திவிட்டு வேறு வண்டி ஏறுவோருள் பலர், அந்நிலையத்திலிருந்து இன்னொரு சிறு பாதை கிளைத்து மலையடிவாரம் நோக்கிச் செல்வதைக் கவனிப்பதில்லை. நிலம்பூர்ப் பாதை என்று அதற்குப் பெயர். நீளம் 66 கிலோமீட்டர்தான். நிலம்பூர்க் காடுகளின் தேக்கை ஏற்றி வருவதற்கென்று ஆங்கிலேயர் போட்ட பாதை. 1927ஆம் ஆண்டு நிறைவுற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றுவிட்டார்கள். நாடு விடுதலை பெற்ற பின்னரே அவை மீண்டும் போடப்பட்டன. இன்று தேக்கு ஏற்றிச் செல்லும் வண்டி இல்லை. பள்ளிப் பிள்ளைகளும், அலுவலகம் செல்வோரும், மருத்துவமனை செல்வோருமே அதன் சுமை.

அழகிய பாதை! இருபுறமும் தேக்கு இலைகள் சன்னலை உரசுகின்றன. நிலையங்களில் கூரையைவிட ஆலமரங்களே அதிக நிழல் தருகின்றன. அங்காடிப்புரம் என்னும் நிலையத்தில் வண்டி சற்று நின்றால், அவ்வூரின் செந்நிற மண்ணைப் பாருங்கள். ஈரமாக இருக்கையில் கோடரியால் வெட்டலாம். காற்றுப் பட்டால் கல்லாக இறுகிவிடும். புக்கானன் என்ற ஸ்காட்லாந்து ஆய்வாளர் இவ்வூரில் கண்ட இக்கல்லுக்குத்தான் 1807இல் ‘லேட்டரைட்’ என்று பெயர் சூட்டினார். அப்பகுதி மக்கள் அதை வெட்டுக்கல் என்கிறார்கள். ஏழையின் வீடும் பள்ளிவாசலின் சுவரும் அந்த ஒரே கல்லால்தான் எழுந்திருக்கின்றன.

இப்பாதையின் பெரும்பகுதி மலப்புறம் மாவட்டத்தில் அமைந்துள்ளது. 1969இல் உருவான மாவட்டம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்களில் நூற்றுக்கு எழுபது பேர் முஸ்லிம்கள். வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகள் இல்லாத தெரு அங்கே அரிது. ஆதலால் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் செழிப்புடன் விளங்குவது வியப்பன்று. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அவற்றைப் பற்றியன்று. கடைகளின் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு பெட்டியைப் பற்றியே இக்கட்டுரை.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அப்பாதையோரத்துச் சிற்றூர் ஒன்றில் துணி வணிகம் செய்து வருகிறார். மதரஸா விடுமுறையில் இரண்டு நாட்கள் அவர் இல்லத்தில் தங்க வாய்த்தது. அவர் கடையிலும், எதிரே இருந்த தேநீர்க் கடையிலும், மருந்துக் கடையிலும், மீன் கடையிலுங்கூட ஒரே மாதிரியான பெட்டிகள். மீதிச் சில்லறையை வாங்கியவர்கள் அதில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. “பள்ளிவாசல் உண்டியலா?” என்று வினவினேன். “இல்லை ஹஜ்ரத், பாலியேட்டிவ் பெட்டி. ஊரில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு” என்றார்.

அந்த ஆங்கிலச் சொல் அங்கே மீன் விற்கும் பெண்மணிக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது. நோய் தீராது என்று மருத்துவர் கைவிரித்த பிறகும் நோயாளி உயிரோடுதான் இருக்கிறார் அல்லவா? அவருடைய வலியைத் தணிப்பது, புண்ணைக் கழுவுவது, மூச்சுத் திணறலைக் குறைப்பது, குடும்பத்தின் பட்டினியைப் போக்குவது, இறுதி மூச்சு வரை அருகில் இருப்பது ஆகிய எல்லாம் சேர்ந்ததே பாலியேட்டிவ் சிகிச்சை. நாம் வலி தணிப்பு மருத்துவம் என்று சொல்லிக் கொள்வோம்.

இதன் தொடக்கம் கோழிக்கோட்டில் நிகழ்ந்தது. 1993ஆம் ஆண்டு அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர்.ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகிய இரு மயக்கவியல் மருத்துவர்களும், அசோக்குமார் என்ற தொண்டரும் இணைந்து வலி தணிப்புச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். புற்றுநோய் முற்றியவர்கள் தொலை தூரங்களிலிருந்து பேருந்தில் நசுங்கி வந்து மருந்து வாங்கிச் சென்றார்கள். வர இயன்றவர்கள் வந்தார்கள். வர இயலாதவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு மருத்துவக் கல்லூரியின் சுவர்களுக்குள் விடை இல்லை. எழுந்து நிற்க முடியாத நோயாளியை மருத்துவமனைக்கு வா என்பது எப்படி நியாயமாகும்? எனவே சிகிச்சை வீட்டுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. வீட்டுக்குச் செல்ல வேண்டுமாயின் அந்தந்த ஊராரே அதைச் சுமக்க வேண்டும். 2001இல் மலப்புறத்தை மையமாகக் கொண்டு அக்கம்பக்கத்தார் வலைப்பின்னல் ஒன்று உருவாக்கப்பட்டது. ஊர்ப் பொதுமக்களுக்கு 16 மணி நேர வகுப்பும், நான்கு நாட்கள் நோயாளிகளின் வீடுகளில் நேரடிப் பயிற்சியும் அளித்தார்கள். ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், இல்லத்தரசி, கல்லூரி மாணவர் என்று பலரும் பயின்றார்கள். சில ஆண்டுகளுக்குள் வட கேரளத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்ப் பிரிவுகள் இயங்கின. தேவைப்பட்ட வளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அந்தந்த ஊர்களிலேயே திரட்டப்பட்டது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்து, ஊராட்சிகள் வழியாகவும் வீட்டுச் சிகிச்சையைத் தொடங்கியது. கோழிக்கோட்டு நிலையத்தை 2010இல் உலக சுகாதார நிறுவனம் தன் கூட்டு மையமாக ஏற்றது. உலகம் வந்து பார்த்த காரியம் இது. நமக்கோ பக்கத்து வீடு.

மறுநாள் காலை அவ்வூர்ப் பிரிவின் ஜீப்பில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஊரின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார்கள். புகைப்படக் கருவியை வீட்டில் வைத்துவிட்டு வரும்படியும் அன்பாகச் சொன்னார்கள். அந்த இரண்டாவது வேண்டுகோள் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு மூட்டை அரிசியைக் கொடுக்கும் கையும் வாங்கும் கையும் பத்திரிகையில் வர வேண்டும் என்று நினைக்கும் காலம் இது.

வண்டியில் ஒரு செவிலியர், ஓட்டுநர், இரண்டு தொண்டர்கள். தொண்டர்களுள் ஒருவர் என்னைப் போன்றே மதரஸா ஆசிரியர். கேரளத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்லும் முன்பே காலையில் மதரஸா முடிந்துவிடுகிறது. ஆகவே ஒன்பது மணிக்கு மேல் அவர் ஓய்வாக இருக்கிறார். வாரத்தில் இரண்டு நாட்கள் இந்த வண்டியில் ஏறிவிடுகிறார். என்னை அவர் “உஸ்தாதே” என்று அழைக்க, நானும் அவரை அவ்வாறே அழைத்தேன். மலையாளமும் தமிழும் கலந்து எங்கள் பேச்சு தடையின்றி நடந்தது.

முதல் வீட்டில் ஒரு முதியவர். வாயில் தோன்றிய புற்று கன்னத்தைத் துளைத்து வெளியே வந்திருந்தது. வாசகர்களே, அந்த வீட்டின் வாசலிலேயே ஒரு வாடை எதிர்கொண்டது. அவருடைய பேரப்பிள்ளைகள் அந்த அறைக்குள் செல்வதை நிறுத்தி வெகுநாள் ஆயிற்றாம். நோயைவிட அதுதான் அவரை வாட்டியது. செவிலியர் முகம் சுளிக்கவில்லை. கொதித்து ஆறிய உப்பு நீரால் புண்ணைக் கழுவினார். மெட்ரோனிடசோல் என்ற மாத்திரையைப் பொடித்து அதன் மேல் தூவினார். வயிற்றுப்போக்குக்கு நாம் விழுங்கும் அதே மலிவான மாத்திரைதான். அழுகும் புண்ணில் வாடையை உண்டாக்கும் கிருமிகளை அது கொன்றுவிடுகிறது. மேலே கட்டுவதற்குப் பஞ்சும் விலையுயர்ந்த கட்டுத்துணியும் இல்லை. ஊரார் கொடுத்த பழைய பருத்தி வேட்டிகளைத் துவைத்து, துண்டு துண்டாக வெட்டி, நீராவியில் கிருமி நீக்கி வைத்திருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும் செவிலியர் தாமே செய்துவிட்டு எழுந்துவிடவில்லை. மருமகளை அருகில் அமர்த்தி, “நாளைக்கு நீங்கள் செய்யுங்கள், இப்படி” என்று கற்றுக் கொடுத்தார். வண்டி அடுத்த வாரந்தான் வரும். புண்ணோ நாள்தோறும் கழுவப்பட வேண்டும்.

அந்த முதியவருக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மார்ஃபின் மாத்திரை. இதைப் பற்றி ஒரு விளக்கம் அவசியம். மார்ஃபின் அபினிலிருந்து எடுக்கப்படுவது. அபினிச் செடியைச் சட்டப்படி பயிரிடும் மிகச் சில நாடுகளுள் நம் நாடும் ஒன்று. அப்படியிருந்தும் 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியால், பல மாநிலங்களில் ஒரு மருத்துவமனை இம்மருந்தை வைத்திருப்பதற்குப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. மருந்து இங்கே விளைந்தது. நோயாளி இங்கேயே வலியால் துடித்தார். 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. ‘போதைப் பொருள் ஆயிற்றே, ஹராம் இல்லையா?’ என்று நம் வீடுகளில் கேட்பவர்கள் உண்டு. நோயாளிகளே சிலர் அந்த ஐயத்தால் மாத்திரையைத் துப்பிவிடுகிறார்களாம். அத்தகைய வீடுகளுக்கு உஸ்தாத் செல்வதில் ஒரு பயன் இருக்கிறது. தேர்ந்த மருத்துவர், கடும் வலியைப் போக்க, அளவோடு கொடுக்கும் மருந்துக்கு மார்க்கத்தில் தடையில்லை என்று அவர் விளக்குகிறார். செவிலியர் நூறு முறை சொல்வதைவிட, தலைப்பாகை கட்டியவர் ஒரு முறை சொல்வது எடுபடுகிறது என்று செவிலியரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அடுத்து நாங்கள் சென்ற வீடு ஒரு மேட்டில் இருந்தது. கமுகு மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வயது நாற்பதுக்குள் இருக்கும். தென்னையும் கமுகும் நிறைந்த நாட்டில் இத்தகைய விபத்து அரிதன்று. விழுந்த அன்றே அவ்வீட்டின் வருவாயும் விழுந்துவிட்டது. படுக்கைப் புண் வராமலிருக்க அவருக்குத் தண்ணீர் மெத்தை ஒன்று இரவலாகக் கொடுத்திருக்கிறார்கள். சிறுநீர்க் குழாயைக் குறிப்பிட்ட காலத்தில் மாற்றுகிறார்கள். மாதந்தோறும் அரிசியும் பலசரக்கும் வருகின்றன. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது இரு பிள்ளைகளுக்கும் புத்தகப் பையும் குடையும் வருகின்றன. இவற்றைவிட அவர் பெருமையோடு காட்டியது வேறொன்று. படுத்தவாறே குடை கட்டக் கற்றிருக்கிறார். கம்பியும் துணியும் பிரிவினர் கொண்டு வந்து தருகிறார்கள். கட்டி முடித்த குடைகளைக் கடைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் விற்றுப் பணத்தை அவரிடமே சேர்க்கிறார்கள். “குடை வேண்டுமா?” என்று என்னிடமே விலை பேசினார். வாங்கினேன். பேரம் பேசவில்லை என்று அவருக்குச் சற்று வருத்தங்கூட!

இன்னும் மூன்று வீடுகள் சென்றோம். அவற்றுள் ஒன்று, துணையற்ற ஓர் இந்து மூதாட்டியின் வீடு. உஸ்தாத் அவரை “அம்மே” என்று அழைத்து, நகம் வெட்டிவிட்டார். அவ்வளவுதான் அன்று அங்கே தேவைப்பட்ட சிகிச்சை.

மாலையில் பிரிவின் அலுவலகத்தில் அமர்ந்தோம். வாடகைக் கட்டடத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் மருந்து அலமாரி. மற்றொன்றில் கணக்குப் புத்தகங்கள். எனக்குப் பெரிதும் ஆர்வமூட்டியது இந்த இரண்டாவது அறைதான். ஏனெனில் நல்ல எண்ணத்துக்கு நம் ஊர்களில் பஞ்சமில்லை. அந்த எண்ணம் ஏழாவது மாதத்தில் எப்படிச் சம்பளம் கொடுக்கிறது என்பதே கேள்வி.

செலவைப் பாருங்கள். செவிலியரின் ஊதியமும் ஓட்டுநரின் ஊதியமும் முதலிடம் பெறுகின்றன. அடுத்து டீசல். அதற்குப் பின்னரே மருந்து வருகிறது. மருந்துதான் பெருஞ்செலவாக இருக்கும் என்று எண்ணிச் சென்ற எனக்கு இது புதிய செய்தி. வலி தணிப்புக்குரிய மருந்துகளுள் பல மலிவானவை. வீடு தேடிச் செல்லும் மனிதர்தாம் விலைமதிப்புள்ளவர். தொண்டர்கள் ஊதியமின்றி உழைக்கிறார்கள் என்பதற்காகச் செவிலியரையும் அப்படி எதிர்பார்க்க முடியாது. அவருக்கும் வீடு இருக்கிறது. முதல் தேதி இருக்கிறது.

வரவுப் பக்கமோ சில்லறையால் நிரம்பியிருக்கிறது. கடைப் பெட்டிகள், வீட்டுக்கு வீடு மாதச் சந்தா, திருமண வீடுகளில் விருந்தினர் முன் வைக்கப்படும் பெட்டி, பள்ளி மாணவர் திரட்டித் தரும் தொகை, பழைய செய்தித்தாள் விற்ற பணம் என்று பல தலைப்புகள். தனியார் பேருந்துகள் ஆண்டில் ஒரு நாள் ஓடிய வசூல் முழுவதையும் இத்தகைய அறப்பணிக்குத் தந்துவிடும் வழக்கம் அங்கே உண்டு. அன்று நடத்துநர் பயணச் சீட்டு கொடுப்பதில்லை, வாளி ஏந்துகிறார். ஜனவரி 15 அம்மாநிலத்தில் பாலியேட்டிவ் தினம்; அன்று ஊர் முழுவதும் வசூல். வளைகுடாவிலிருக்கும் ஊர்ப் பிள்ளைகளும் அனுப்புகிறார்கள்.

கடைப் பெட்டியைத் திறக்கும் முறையையும் கவனித்தேன். ஒருவர் தனியாகத் திறப்பதில்லை. இருவர் சேர்ந்து, கடைக்காரர் முன்னிலையில், உரக்க எண்ணுகிறார்கள். அங்கேயே ரசீது எழுதிக் கொடுக்கிறார்கள். மாத முடிவில் வரவு செலவு ஒரு தாளில் எழுதப்பட்டு அலுவலகச் சுவரில் ஒட்டப்படுகிறது. பெட்டியில் ஒரு ரூபாய் போட்டவருக்கும் அதைப் படித்துக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு, கேட்கவும் செய்கிறார்கள். டீசல் ஏன் சென்ற மாதத்தைவிட அதிகம் என்று மீன் வியாபாரி ஒருவர் வந்து வழக்காடிய கதையைப் பொருளாளர் சொன்னார். அவர் குரலில் எரிச்சல் இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

“வசதி படைத்த ஒருவரே மொத்தச் செலவையும் ஏற்க முன்வந்தால்?” என்று கேட்டேன். “அவருக்கு வியாபாரம் நொடித்தால் நோயாளிக்கு வலி வரும்” என்றார் உஸ்தாத்.

இவ்விடத்தில் ஒரு மார்க்கச் சட்ட நுணுக்கம் இருக்கிறது. நம் ஊர் பைத்துல்மால் பொறுப்பாளர்கள் இதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். ஜகாத் பெறத் தகுதியானோர் எட்டு வகையினர் என்பது சூரத்துத் தவ்பாவின் அறுபதாவது வசனத்தால் நாம் அறிந்ததே. அந்தப் பொருள் தகுதியுடையவரின் கைக்குச் சென்று, அவருடைய உடைமையாக ஆக வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இது வலுவான நிபந்தனை. அப்படியாயின் நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியரின் சம்பளத்தை ஜகாத்திலிருந்து கொடுக்கலாமா? ஜீப்புக்கு டீசல் ஊற்றலாமா? இரவல் மெத்தை வாங்கலாமா? மெத்தை நோயாளிக்கு உடைமையாவதில்லையே, திரும்பி வந்துவிடுகிறதே! மேலும், முஸ்லிமல்லாத அண்டை வீட்டாருக்கு ஜகாத் கொடுப்பதை நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்களும் ஏற்பதில்லை. ஆனால் ஸதகா கொடுக்கத் தடையில்லை. அண்டை வீட்டார் என்ற முறையில் அவருக்கு உரிமையும் உண்டு.

ஆகவே அப்பிரிவினர் இரண்டு பேரேடுகள் வைத்திருக்கிறார்கள். ஜகாத் என்று சொல்லிக் கொடுக்கப்படும் தொகை தனிப் பேரேட்டில் ஏறுகிறது. அது தகுதியுடைய முஸ்லிம் நோயாளியின் குடும்பத்துக்குப் பணமாகவே, அவர்கள் கையிலேயே போய்ச் சேருகிறது. அரிசியாகக்கூட மாற்றுவதில்லை, அப்பகுதியார் ஷாஃபியீ மத்ஹபினர், பேணுதலுக்காக அவ்வாறு செய்கிறார்கள். செவிலியர், டீசல், மெத்தை, மார்ஃபின், அந்த மூதாட்டியின் நகவெட்டி ஆகிய அனைத்தும் சில்லறைப் பெட்டியின் கணக்கில். வாகனத்தை ஓட்டுவது ஸதகாவேயன்றி ஜகாத் அன்று. உங்கள் ஊரில் இத்தகைய பணியைத் தொடங்குவதாயின், பெட்டி வைப்பதற்கு முன்பே உங்கள் ஊர் ஆலிம்களோடு அமர்ந்து இந்த இரண்டு பேரேடுகளைப் பிரித்துக் கொள்ளுங்கள்.

இனி நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். ரமளான் மாதத்தில் நம் செல்வர்களின் வாசல்களில் நீண்ட வரிசைகள் நிற்கின்றன. சேலையும் கைலியும் நோட்டுகளும் வழங்கப்படுகின்றன. அந்த வரிசையில் நிற்பதற்குக் கால்கள் வேண்டும். கமுகிலிருந்து விழுந்தவர் எந்த வரிசையில் நிற்பார்? வாயில் புண் உள்ளவர் எவர் வாசலுக்கு வருவார்? கைநீட்டத் தெரிந்தவருக்கு ஓரளவு கிடைத்துவிடுகிறது. கைநீட்ட இயலாதவரும், குடும்ப மானத்துக்காகக் கதவைச் சாத்திக்கொண்டவரும் நம் கணக்கில் வருவதேயில்லை. பதினோரு மாதங்களுக்கு அவர்கள் எங்கே என்றுகூட நமக்குத் தெரியாது.

நம் ஜமாஅத்துகள் எதையும் செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. ஏழைக் குமர்களின் திருமணத்துக்கு உதவுகிறோம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவுகிறோம். நோன்புக் கஞ்சியை எவருக்கும் மறுத்ததில்லை. இறந்தவரை அடக்கம் செய்வதில் நமக்கு நிகர் நாமே. மரணச் செய்தி வந்த அரைமணி நேரத்தில் குளிப்பாட்டுவோர் வந்துவிடுகிறார்கள். கஃபன் துணி வந்துவிடுகிறது. பள்ளிவாசலுக்குச் சொந்தமான சந்தூக்கு வந்துவிடுகிறது. தோள் கொடுக்க நூறு பேர் நிற்கிறார்கள். அந்த மனிதர் அதற்கு முன் எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாரே, அப்போது முதுகுப் புண்ணோடு அவரைத் திருப்பிப் படுக்கவைக்க ஒரு தோள் வந்ததா? சந்தூக்கு வைத்திருக்கும் பள்ளிவாசல்களுள் எத்தனை, ஒரு தண்ணீர் மெத்தை வைத்திருக்கின்றன?

பணமில்லை என்று சொல்ல வழியில்லை. ஐந்நூறு வீடுகள் உள்ள ஒரு மஹல்லாவில், வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டே ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 30,000 ரூபாய் ஆகிறது. அதைக் கொண்டு என்ன செய்ய இயலும் என்பதை உங்கள் ஊர்ச் செவிலியரிடமும் மருந்துக் கடைக்காரரிடமும் கேட்டறியலாம். தமிழக அரசும் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது; வீடு தேடி வந்து சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை வழங்குவதோடு, படுத்த படுக்கையானவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் அளிப்பது அதன் நோக்கம். மார்ஃபின் போன்ற மருந்துகளைத் தகுதி பெற்ற மருத்துவமனை வழியாகவே பெற வேண்டும். ஜமாஅத் தானே அதில் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. எந்த வீட்டில் யார் கிடக்கிறார் என்ற செய்தியை ஊராட்சிச் சுகாதார ஊழியரைவிட மோதினார் நன்கு அறிவார். எந்த வீட்டில் அரிசி இல்லை என்பதைப் பெண்கள் மதரஸாவின் ஆசிரியை அறிவார். அந்த அறிவை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்குவதற்குச் செலவே இல்லை. எழுதியதை ஊரெல்லாம் சொல்லாதிருக்கும் நாவடக்கம் மட்டும் வேண்டும்.

அங்கே குறையே இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டு. தொண்டர்களுக்கு வயதாகி வருகிறது. பயிற்சி பெற்ற இளைஞர் விசா வந்ததும் விமானம் ஏறிவிடுகிறார். பயிற்சி வகுப்பு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்குகிறது. ஒரே ஊரில் இரண்டு மூன்று அமைப்புகள் தத்தம் பெயர் எழுதிய வண்டிகளை ஓட்டுவதும் உண்டு. மழைக்காலத்தில் கடைகளில் கூட்டம் குறைந்தால் பெட்டியும் மெலிகிறது. அந்த மாதங்களில் பொருளாளர் தம் கைப்பணத்தை முன்பணமாகப் போட்டுச் சம்பளம் கொடுத்திருக்கிறார். பேரேட்டில் அதுவும் எழுதப்பட்டு, பின்னர் திருப்பிக் கொடுத்த தேதியும் எழுதப்பட்டுள்ளது. பெயரோடு தானம் என்று எழுதிக்கொள்ளலாமே என்றால், கடன் கடன்தான் என்கிறார்.

அந்த அறையில் நான் கடைசியாகப் பார்த்தது மெத்தைப் பதிவேடு. மெத்தையின் எண், சென்ற வீடு, சென்ற தேதி, திரும்பிய தேதி என்று நான்கே பத்திகள். திரும்பிய காரணத்துக்குப் பத்தி இல்லை. சில மெத்தைகள் ஓராண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன. சில ஒன்பதே நாட்களில் திரும்பியிருக்கின்றன. நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, முந்தைய நாள் திரும்பி வந்த மெத்தையொன்றைக் கழுவிக் காயவைத்துச் சுருட்டிக்கொண்டு வந்தார் ஓட்டுநர். உஸ்தாத் பதிவேட்டை என்னிடமிருந்து வாங்கி, எண்ணைப் பார்த்து, அடுத்த வீட்டின் பெயரை எழுதினார். மழை வருமுன் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று இருவரும் புறப்பட்டார்கள்.